கைமிஷினா, கால்மிஷினா, ஃபெதர்வெயிட்டா: வீவக வீட்டுக்கு ஒரு பழைய தையல் மிஷின்

"அக்கா, பழைய சிங்கர் ஒன்னு வாங்கணும். எதை வாங்கட்டும்?"

இந்தக் கேள்விக்கு இப்போது மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் புது வீவக வீட்டுக்கு (அரசு கட்டும் அடுக்குமாடி வீடு) சாவி வாங்கிய பெண். கறுப்பு உடம்பில் தங்கப்பூ வரைந்த கைமிஷின் ஒன்றை வரவேற்பறையில் வைக்க அவருக்கு ஆசை. வைத்தால் மட்டும் போதாது, அதிலேயே ரவிக்கையும் தைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஈசூனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய அம்மாவின் உஷா கால்மிஷின் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது. அதைக் கொண்டுவருவதா, இங்கேயே ஒன்று தேடுவதா என்று யோசிக்கிறார். மூன்றாமவர் தெம்பனிஸில் இருக்கும் தம்பி, ஒட்டுப்போர்வை தைக்கிறவர். அவர் கனவு கண்டுகொண்டிருப்பது சிங்கர் ஃபெதர்வெயிட் என்ற எடை குறைந்த மின்மிஷின்.

மூவருக்கும் விடை வேறு வேறு. ஆனால் மூவரிடமும் நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: மேலே இருக்கும் தங்கப்பூவில் மயங்குமுன் தகட்டை நகர்த்தி உள்ளே இருக்கும் பாபினை, கீழ்நூல் சுற்றும் சின்ன உருளையை, பாருங்கள். அழகுக்காக வாங்கிய மிஷின் சீக்கிரமே அலமாரி மேல் ஏறிவிடும். பாபின் எளிதில் கிடைக்கிற, உங்கள் கைக்கும் காலுக்கும் ஒத்துப்போகிற மிஷின்தான் வாரம் தவறாமல் ஓடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், என்ன தைக்கப் போகிறீர்கள்? இங்கே நான் சொல்லப்போகும் மிஷின்கள் எல்லாமே நேர்த்தையல் மட்டும் போடுபவை. டூ பை டூ வாயிலில் ரவிக்கை, லைனிங் வைத்த பட்டு ரவிக்கை, உள்பாவாடை, சுடிதார், தலையணை உறை, திரைச்சீலை, ஒட்டுப்போர்வை எல்லாவற்றுக்கும் அது போதும். நன்றாகப் பராமரித்த பழைய மிஷினின் நேர்த்தையல் அவ்வளவு ஒழுங்காக விழும். ஒருமுறை பார்த்தவர்களுக்குக் கண் அதிலேயே நிற்கும். ஆனால் புடவை ஓரத்துக்குப் பீகோ, துணி விளிம்புக்கு ஓவர்லாக் இவற்றில் ஆகாது. அதைத் தேக்கா சென்டர் மாடியில் இருக்கும் தையற்காரர்களிடம் கொடுத்துவிடலாம். டி-சர்ட் மாதிரி இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால், துணியை இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். நீங்கள் தைப்பதில் பாதி அந்த வகைத் துணி என்றால், பழைய மிஷின் உங்கள் வீட்டில் இரண்டாவது மிஷினாக இருக்கட்டும்.

பொத்தான் துளையைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அதற்கு சிங்கர் தனியாக ஒரு கருவி விற்றது. மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், ஊசி வழக்கம்போல நேராகவே இறங்கும். கருவி துணியை அப்படியும் இப்படியும் அசைத்துத் துளையைச் சுற்றித் தைத்துவிடும். பழைய பொருள் விற்கிறவர்களிடம் அது இன்னும் கிடைக்கிறது.

அடுத்தது, மிஷினை ஓட்டுவது கையா, காலா, மின்சாரமா? கைமிஷினில் வலது கை சக்கரம் சுற்றுவதிலேயே போய்விடும். துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான். கழுத்து வளைவையும் கை வளைவையும் ஒற்றைக் கையால் திருப்பிப் பழக வேண்டும். கால்மிஷினில் இரண்டு கையும் துணிமேல் இருக்கும். மோட்டார் வைத்தது உடம்புக்குச் சுகம். ஆனால் அந்த மின்கம்பிக்கும் மிஷினின் வயதுதான் என்பதை மறக்கக் கூடாது.

பிறகு ஊசியும் பாபினும். சிங்கரின் 15, 28, 66, 99, 201, 221 என்ற மாடல்கள் எல்லாம் இன்று கடையில் விற்கும் சாதாரண வீட்டு மிஷின் ஊசியையே எடுத்துக்கொள்ளும். நூறு வருட மிஷினில் இன்று காலை வாங்கிய ஊசி போய் உட்காருவது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். இவற்றுக்கு முந்திய 12ஆம் மாடல், பிடில் வடிவத்தில் அடித்தட்டு உள்ளது, அப்படியில்லை. அதன் ஊசி வேறு வகை. தேடி அலைய வேண்டும். தைக்க வேண்டும் என்பவர்கள் அதைக் கண்ணால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாபின் மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடைசியாக இடமும் ஈரமும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வார்ப்பிரும்பு துருப் பிடிக்கும், மரப்பெட்டி பூஞ்சை பிடிக்கும், தோல் பெல்ட் தொய்ந்துபோகும். வீட்டுக்குள் இடமில்லாவிட்டால் கால்மிஷினைப் பொதுத் தாழ்வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கே 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், ஈரக்காற்றும் அங்கேதான் அதிகம்.

## சிங்கர் 28: நீள ஷட்டில் கைமிஷின்

ஆசைப்பட்டு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மயங்குவது இந்தக் குடும்பத்தைப் பார்த்துத்தான். 27, 127 முழு அளவு. 28, 128 முக்கால் அளவு. 27, 127 சிலவற்றின் உடம்பில் எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் உருவம் தங்கத்தில் இருக்கும். உள்ளே வட்ட பாபின் கிடையாது. துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு ஷட்டில், அதற்குள் தீக்குச்சி போல மெலிந்த நீள பாபின். சக்கரத்தைச் சுற்றினால் ஷட்டில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி, ஊசி போட்ட நூல் வளையத்துக்குள் நுழைந்து வரும். அந்த மெல்லிய டக் டக் சத்தத்துக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு. பக்கத்து அறையில் குழந்தை தூங்கினாலும் தைக்கலாம். உறுப்புகள் குறைவு. எண்ணெய் விட்டு வைத்தால் பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் முதலில் வாங்கியதும் இதைத்தான். விற்றவர் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார், நானும் பூவைப் பார்த்தே வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், ஷட்டிலின் முனையில் துரு. ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் நூல் அதில் சிக்கியது. அதைவிடப் பெரிய சங்கடம், ஒரே ஒரு பாபின். சிவப்பு ரவிக்கையை முடித்துவிட்டு மஞ்சளுக்குப் போக வேண்டுமென்றால், சுற்றிய சிவப்பு நூலை முழுக்க அவிழ்த்தாக வேண்டும். இங்குள்ள தையல் பொருள் கடைகளில் நான் ஏறி இறங்கியவரை நீள பாபின் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிறகுதான் மிஷின் மிஷினாயிற்று.

பாபினில் நூலும் குறைவாகத்தான் பிடிக்கும். ஒரு திரைச்சீலைக்குள் இரண்டு முறை சுற்ற வேண்டியிருக்கும். 28இல் திருப்பித் தைக்க முடியாது; தையல் முடியும் இடத்தில் துணியையே திருப்பிப் போட்டு நாலு தையல் போட வேண்டும், அல்லது நூல் நுனிகளை முடிச்சிட வேண்டும். இவ்வளவும் தெரிந்து, பொறுமையோடு மெல்லிய துணியில் சின்னச் சின்ன வேலை செய்கிறவருக்கு இதைவிட அன்பான மிஷின் கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே மிஷினாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

## சிங்கர் 99: மேலிருந்து பாபின் போடும் கைமிஷின்

66 என்கிற முழு அளவு மிஷினின் தங்கை இது. முழு அளவு சிங்கரின் அடித்தட்டு ஏறக்குறைய 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். 99இன் அடித்தட்டு நீளம் 12 அங்குலம் அளவுதான். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.

இதன் பெரிய வசதி பாபின். மேல்தகட்டை நகர்த்தினால் வட்ட பாபின் கண்ணுக்குத் தெரியும். நூல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டாம். 66 வகை பாபின் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உலோகத்தில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். பாபினுக்கு அடியில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அழுக்கு என்று நினைத்துச் சிலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு பின்னும் கொக்கிக்குக் கொடுக்கிற துண்டு. இருக்க வேண்டும்.

பிந்திய காலத்து 99கே மிஷின்களில் (கே என்றால் ஸ்காட்லாந்து ஆலையில் செய்தது) தையல் நீளம் மாற்றும் பிடியை மேலே தள்ளினால் திருப்பித் தைக்கலாம். முந்தியவற்றில் திருகு மட்டும் இருக்கும், திருப்பம் இருக்காது. விலை ஒன்றாக இருந்தால் பிடி உள்ளதையே எடுங்கள். மோட்டாரோடு வரும் 99ஐயும் கைமிஷினாக மாற்றலாம்: சக்கரம் ஆரக்கால் வைத்ததாக இருந்து, அதன் பக்கத்தில் மோட்டாரைத் திருகும் புடைப்பும் இருந்தால், அதே இடத்தில் கைப்பிடி மாட்டிக்கொள்ளலாம்.

குறை என்றால் உள்ளிடம் சிறிது. சுருட்டிய பெரிய போர்வை ஊசிக்கு வலப்பக்கம் அடங்காது. வளைந்த மரப்பெட்டியோடு பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். மூடியின் பூட்டை நம்பி மேல்பிடியில் தூக்கிவிடாதீர்கள், அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். பூட்டு விட்டுப்போய் மிஷின் தரையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

## கால்மிஷின்: சிங்கர் 15, பட்டாம்பூச்சி, உஷா

இது என் மிஷின். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சிங்கரின் 15ஆம் மாடல் உலகம் முழுக்கப் படியெடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் விதவிதமான பெயர்களில் இதைச் செய்து தள்ளின. ஷாங்ஹாயிலிருந்து பட்டாம்பூச்சிப் படம் போட்டு வந்த கறுப்பு மிஷின் இந்தச் சாயல்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எத்தனையோ வீடுகளில் சிங்கரின் இடத்தில் அதுதான் இருந்தது. கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் செய்த வட்ட பாபின் உஷாவும் இதே வம்சம். வாங்குகிறவருக்கு இதனால் என்ன லாபம் என்றால், உதிரி உறுப்புக்குப் பஞ்சமே இல்லை. 15 வகை பாபின் இன்றைய வீட்டு மிஷின்கள் பலவற்றுக்கும் போடுகிற அதே பாபின். பாபினை உள்ளே வைக்கும் உறையான பாபின் கேஸ் இடப்பக்கத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும், தனியாகக் கழன்று வரும். அது தொலைந்திருந்தாலும் புதிது வாங்கிவிடலாம்.

இன்னொன்று. இந்தக் குடும்பத்து முழு அளவு மிஷின்களின் அடித்தட்டு அளவு ஒன்றுதான். அதனால் ஒன்றின் தலையை இன்னொன்றின் மேசையில் பொருத்த முடியும். பட்டாம்பூச்சி மேசையில் சிங்கர் தலை, சிங்கர் மேசையில் உஷா தலை என்று ஓடுவதைப் பார்க்கலாம். தலையைத் தாங்கும் இரண்டு கீல் முளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

மிதிக்கப் பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும். முதலில் நூல் கோக்காமல், துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்துவிட்டு வெறும் மிதி. சக்கரம் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். பின்னோக்கிப் போனால் நூல் சிக்கி அறுந்துவிடும், புதியவர்களுக்கு இது பத்து முறையாவது நடக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று பாதத்துக்குத் தாளம் பிடிபடும். அதற்கப்புறம் கழுத்து வளைவில் ஒரு தையல், நிறுத்து, திருப்பு, இன்னொரு தையல் என்று மோட்டாரில் வராத நிதானம் கிடைக்கும். லைனிங், பட்டு, நடுவில் பைப்பிங் என்று நாலு மடிப்பு சேரும் இடத்திலும் மிஷின் தயங்காது. நான் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது ரவிக்கை முடிந்திருக்கும்.

பழைய 15இல் திருப்பித் தைக்கும் வசதி இருக்காது, பிந்தியவற்றில் இருக்கும். சிங்கரின் 15-88இல் உண்டு. ஜப்பானியப் படிகள் பலவற்றிலும் உண்டு.

சிரமம் இடம்தான். கைமிஷினை வேலை முடிந்ததும் அலமாரியில் வைக்கலாம். இதற்கு ஓர் எழுதுமேசைக்கு உரிய இடத்தை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். மிதிக்கும் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாமல் இருக்க இரும்புக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். மேசையின் மேல்பலகை ஈரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறதா, கால் பக்கம் மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். தூள் உதிர்ந்தால் பூச்சி அரிக்கிறது என்று பொருள், அந்த மரம் வீட்டுக்கு வேண்டாம்.

கிடைக்கும் இடமும் சுருங்கிவிட்டது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது கேரோசல் மாதிரி இணையச் சந்தைதான், இல்லாவிட்டால் வீடு மாறுகிறவர்கள் கராங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவர்) போடுமுன் சொல்லிவைத்து வாங்குவதுதான். காப்பிக்கடை மேசைக்காக இரும்புக் காலை மட்டும் கழற்றி விற்கிறார்கள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று அவை பிரிந்துபோவது எனக்கு மனசு ஆறாத விஷயம். தலை மட்டும் மலிவாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஆரக்கால் சக்கரமும் மோட்டார் புடைப்பும் உள்ள 15 தலைக்குக் கைப்பிடி மாட்டலாம், பின்னால் மேசை கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

## சிங்கர் 201

1930களில் வந்தது. பல்சக்கரங்களால் ஓடும் உள்ளமைப்பு, முழுவட்டம் சுற்றும் கொக்கி, 66 வகை பாபின், திருப்பித் தைக்கும் வசதி. சிங்கர் வீட்டு மிஷின்களில் இதன் தையலுக்கு மேல் ஒன்று இல்லை என்பவர்கள் பலர், நானும் அந்தக் கட்சி. மோட்டாரை உடம்புக்குள்ளேயே பதித்த வகையும் உண்டு, வெளியே பெல்ட்டில் ஓடும் வகையும் உண்டு. முதல் வகையின் மோட்டாரைப் பிரித்துக் கிரீஸ் போட விஷயம் தெரிந்த கை வேண்டும். கைமிஷினாகவோ கால்மிஷினாகவோ வந்த 201கே கண்ணில் பட்டால், மேலும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் வாங்கிவிடுங்கள். அரிதாகத்தான் படும்.

## சிங்கர் 221: ஃபெதர்வெயிட்

1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. உடம்பு அலுமினியம், எடை ஏறக்குறைய 5 கிலோ. அடித்தட்டின் இடப்பக்கம் மேலே மடங்கும். சின்னக் கறுப்புப் பெட்டியில் வைத்து எம்ஆர்டி ரயிலில் தையல் வகுப்புக்குக் கொண்டுபோகலாம். ஒட்டுப்போர்வைக்காரர்கள் இதன்மேல் உயிரையே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: கால் அங்குலத் தையல் கோடு போட்டதுபோல நேராக வரும்.

ஆனால் இங்கே வாங்குகிறவர் மறைந்திருக்கும் செலவை முதலில் கூட்ட வேண்டிய மிஷின் இதுதான். இணையத்தில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க வீடுகளில் ஓடியவை, 110 வோல்ட் மோட்டார். நம் வீட்டில் 230 வோல்ட். முள்ளை மாற்றும் சின்ன அடாப்டர் மட்டும் போட்டுச் சொருகினால் மோட்டார் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்த 221கேயில் நம் மின்சாரத்துக்கு ஒத்த மோட்டார் வைத்தவை உண்டு. மோட்டாரின் தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும், படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹெர்ட்ஸ் வேறாக இருந்தால் பாதகமில்லை. பிரஷ் வைத்த அந்த மோட்டாருக்கு வோல்ட்தான் முக்கியம்.

அடுத்து, இதன் பாபின் மெலிந்த தனி வகை. 15உம் பொருந்தாது, 66உம் பொருந்தாது. பாபின் கேஸ் இல்லாமல் விற்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், அந்த ஒரு துண்டு மட்டுமே விலை அதிகம். மோட்டாரில் கிரீஸ் போடும் இரண்டு குழாய்கள் இருக்கும். அவற்றில் எண்ணெய் விட்டவர்கள் மோட்டாரைப் பாழாக்கியிருக்கிறார்கள். பெட்டியின் உள்ளே பூஞ்சை வாசம் ஊறியிருக்கும், நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் முற்றும். வெளிநாட்டிலிருந்து வந்தால் அஞ்சல் செலவோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி மாட்டுவதிலும் கவனம் தேவை. 99இல் ஊசியின் தட்டைப் பக்கம் வலப்புறம், நூல் இடமிருந்து வலம். ஃபெதர்வெயிட்டில் தட்டைப் பக்கம் இடப்புறம், நூல் வலமிருந்து இடம். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றிப் போட்டுவிட்டு, தையல் விழவில்லை என்று மிஷினைக் குறைசொல்வார்கள்.

222கே என்று இதற்கு ஒரு தங்கை உண்டு, சட்டைக் கை மாதிரி குழாயான இடங்களைத் தைக்க வசதியாக மேசைத்தட்டு கழன்று வரும். அரியது, விலையும் அதற்கேற்ப.

## ஒரே பார்வையில்

| மிஷின் | பாபின் | திருப்பித் தைத்தல் | இடம் | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|---|
| 28 / 128 | நீள பாபின், தேட வேண்டும் | 28இல் இல்லை | அலமாரி போதும் | மெல்லிய துணி, சத்தமில்லாத இரவு வேலை, இரண்டாவது மிஷின் |
| 99 | 66 வகை | பிந்தியவற்றில் உண்டு | அலமாரி போதும் | சின்ன வீடு, எப்போதாவது ரவிக்கை |
| 15, பட்டாம்பூச்சி, உஷா | 15 வகை, தாராளம் | மாடலைப் பொறுத்தது | நிரந்தர இடம் | வாராவாரம் தைப்பவர், வளைவும் தடிப்பும் |
| 201 | 66 வகை | உண்டு | கனம், மேசை வேண்டும் | நிறையத் தைப்பவர், நுணுக்கம் தேடுபவர் |
| 221 | தனி வகை | உண்டு | கைப்பெட்டி | போர்வைத் துண்டு, வகுப்புக்குப் பயணம் |

## விலையில் சேராத செலவுகள்

ஓடாத மிஷினைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உடைந்திருக்காது, இறுகியிருக்கும். நம் வீடுகளில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தது. அது நாளாவட்டத்தில் பிசின் மாதிரி கெட்டிப்பட்டு எல்லா மூட்டையும் ஒட்டிவிடும். ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் விட்டுக்கொடுக்கும். செலவு ஒரு புட்டி எண்ணெய், நிறையப் பொறுமை.

தங்கப்பூவைத் துடைக்கும்போது ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த துடைப்பானோ தொடக் கூடாது. மேலே பூசியிருப்பது ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு, ஆல்கஹாலில் கரையும். கறுப்பு வெளுத்துப்போகும், பூவும் கையோடு வந்துவிடும். மிஷின் எண்ணெய் தோய்ந்த மென்துணி போதும்.

மின்கம்பிதான் பெரிய செலவு. பழைய கம்பியின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். உடம்பு முழுக்க உலோகமான மிஷினில் அப்படி ஒரு கம்பி இருப்பது உயிருக்கு ஆபத்து. மின்வேலை தெரிந்தவர் கம்பியை மாற்றித் தரும்வரை சொருகவே கூடாது. இந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த மின்மிஷினைவிடக் கைமிஷின் மலிவாகிவிடும்.

தோல் பெல்ட் தொய்ந்தால் கொஞ்சம் நறுக்கி மறுபடி கம்பி போட்டுக்கொள்ளலாம். ஈரத்துக்கு நான் செய்வது: பருத்தித் துணியால் மூடுகிறேன், பிளாஸ்டிக் உறை போடுவதில்லை, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வாரம் ஒருமுறை தைக்காவிட்டாலும் ஐந்து நிமிடம் ஓட்டம். மாதக்கணக்கில் சும்மா விட்ட மிஷின்தான் துருவேறுகிறது.

## பார்க்கப் போகும்போது

கையில் கொண்டுபோங்கள்: புதிய ஊசி ஒன்று, இரண்டு நிற நூல், நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியின் துண்டு, கைவிளக்கு. மேலே ஒரு நிறம், பாபினில் ஒரு நிறம் போட்டு இரண்டு மடிப்பில் தையுங்கள். கீழ்நிறம் மேலே தெரிந்தால் மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, திருகித் தளர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவிலோ பாபின் பக்கத்திலோ அழுக்கோ துருவோ இருக்கலாம்.

ஷட்டில், பாபின் கேஸ், நகரும் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நூல் போகும் பாதையில் விரல்நுனியால் தடவிப் பாருங்கள், துருப்பள்ளம் தட்டுப்பட்டால் நூல் அங்கேதான் அறுபடும். பழைய 66 சிலவற்றில் காலைப் பின்பக்கமாக மாட்டும் அமைப்பு இருக்கும், அதற்கு இன்றைய கால்கள் பொருந்தா. பூ தேய்ந்திருந்தால் பரவாயில்லை. பூ தேய்ந்த மிஷின் நிறைய ஓடிய மிஷின், அது நல்ல சகுனமாகவும் இருக்கலாம். பளபளக்கும் மிஷினில் மேல்பூச்சு புதிதா என்று சந்தேகப்படுங்கள்.

அடித்தட்டின் வலப்பக்கம் தொடர் எண் இருக்கும். 1900 முதல் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சேர்ந்தது. அதை வைத்து எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கலாம். நான் இங்கே பார்த்த பழைய சிங்கர்களில் பெரும்பாலானவை கிளைட்பேங்கில் பிறந்தவை. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கே செய்த மிஷின்கள் இங்கே இன்னும் ஓடுகின்றன. வயது விலையைக் கூட்டும் என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இந்த மிஷின்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, நூறு வயது என்பது இவற்றில் அரிதல்ல.

## மூவருக்கும் நான் சொன்னது

பொங்கோல் பெண்ணை 28இலிருந்து 99கேக்குத் திருப்பினேன். அதிலும் தங்கப்பூ உண்டு, திருப்பும் பிடியும் உண்டு, பாபினும் கிடைக்கும். வரவேற்பறையில் வைத்த இடத்திலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தால் தையல் தொடங்கிவிடலாம்.

ஈசூன் ஆசிரியைக்கு, உஷாவின் தலையை மட்டும் கொண்டுவாருங்கள் என்றேன். இரும்புக் காலையும் மேசையையும் கடல்வழி அனுப்பும் செலவில் இங்கேயே ஒரு பட்டாம்பூச்சி மேசை கிடைக்கும். கீல் அளவை ஊரில் இருக்கும் தம்பி மகனிடம் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

தெம்பனிஸ் தம்பி ஃபெதர்வெயிட்டை விடுவதாக இல்லை, விடவும் வேண்டாம் என்றேன். அவர் தைப்பது சின்னத் துண்டுகள், வாரம் இருமுறை மிஷினைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு அது பொருத்தமான மிஷின்தான். இரண்டு விளம்பரங்களை அனுப்பியிருந்தார். ஒன்று அழகான பெட்டியோடு 110 வோல்ட்; இன்னொன்று பூச்சு உரிந்த 221கே, மோட்டார் தகட்டில் நம் வோல்ட், பாபின் கேஸ் உள்ளே இருக்கிறது. பூச்சு உரிந்ததைப் பார்க்க இந்தச் சனிக்கிழமை இருவரும் போகிறோம். ஊசியும் துணியும் அவர் கொண்டுவருகிறார், கைவிளக்கு என்னிடம் இருக்கிறது.